ககன்யானுக்கு அரசுப் பணம் போகலாமா? டெல்டா ஊர்களில் இதைப் பட்டிமன்றமாக நடத்தும் முறை

மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் இஸ்ரோவின் ககன்யான் திட்டத்துக்கு அரசு தொடர்ந்து பணம் ஒதுக்க வேண்டுமா என்ற கேள்வியைப் பேச தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கத்து ஊர்களைவிடப் பொருத்தமான இடம் குறைவு. உர மூட்டை, கொள்முதல் நிலையம், புயல் எச்சரிக்கை என்று அரசின் காசு அன்றாடம் வந்து தொடுகிற மண் இது. கேட்க வருகிறவர்களுக்குக் கணக்கு புரியும். தயாரிப்பில்லாமல் மேடை போட்டால் மட்டும் அரை மணி நேரத்தில் எல்லாம் கைதட்டலுக்கான பேச்சாகிவிடும். ஆறு வாரம் முன்னால் வேலையைத் தொடங்குங்கள்.

தலைப்பு

பாதித் தோல்வி தலைப்பில்தான் வருகிறது. 'விண்வெளியா, வயிறா?' என்று வைத்தால் ஓர் அணி பசியைப் பற்றியும் இன்னோர் அணி சந்திரயானைப் பற்றியும் பேசும். இரண்டும் ஒன்றையொன்று தொடவே தொடாது. சந்திரயான்-3இல் யாரும் போகவில்லை. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயலைக் கண்காணித்த இன்சாட் செயற்கைக்கோள்களிலும் ஆள் கிடையாது. மீன்பிடிப் படகில் பொருத்தும், செயற்கைக்கோள் வழியாகத் தகவல் அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவியும் அப்படித்தான். இவற்றைக் காட்டி ககன்யானுக்கு ஆதரவு கேட்பது இந்தத் தலைப்பில் அடிக்கடி நடக்கும் பிழை. நடுவர் அதை முதல் முறையே நிறுத்த வேண்டும்.

நாங்கள் பரிந்துரைக்கும் தலைப்பு: 'அரசுப் பணத்தில் விண்ணுக்குப் போக வேண்டியது மனிதரா, இயந்திரமா?' இரண்டு அணிக்கும் எதையாவது ஆதரித்துப் பேச இடம் இருக்கிறது. விண்வெளியே வேண்டாம், வாய்க்காலைத் தூர்வாருங்கள் என்பவர்களின் குரலும் நியாயமானதே. அவர்களுக்குக் கேள்வி நேரத்தில் இடம் ஒதுக்குங்கள்.

நாள்

ஏப்ரல் 12 நல்ல நாள். 1961இல் யூரி ககாரின் பறந்தது அன்றுதான். சம்பா அறுப்பு முடிந்து, தரிசில் தெளித்த உளுந்து பயறும் பெரும்பாலும் வீடு வந்திருக்கும். மேட்டூர் திறக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கும். பொதுத்தேர்வு அட்டவணையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 23 தேசிய விண்வெளி தினம்தான், ஆனால் ஆவணியில் சம்பா நாற்றங்கால் ஒரு பக்கம், குறுவை அறுப்பு நெருங்குவது ஒரு பக்கம் என்று ஆள் சேராது.

பணக் கணக்கு

இதற்குத்தான் அதிக நேரம் வேண்டும். மத்திய பட்ஜெட் இணையதளத்தில் செலவினத் தொகுதியைத் திறந்து 'விண்வெளித் துறை' மானியக் கோரிக்கையை, அதாவது அந்தத் துறைக்குக் கேட்கும் தொகையின் பட்டியலை எடுங்கள். ஒரே தலைப்புக்கு மூன்று வகைத் தொகை இருக்கும்: உண்மையில் செலவானது, பட்ஜெட் மதிப்பீடு (ஆண்டு தொடங்கும் முன் போட்ட கணக்கு), திருத்திய மதிப்பீடு (ஆண்டின் இடையில் மாற்றிய கணக்கு). மேடைப் பேச்சாளர்கள் பெரும்பாலும் பட்ஜெட் மதிப்பீட்டைச் செலவு என்று சொல்லிவிடுகிறார்கள். 2020-21இல் விண்வெளித் துறைக்கு மதிப்பீடு 13,479 கோடி ரூபாய், கொரோனாவுக்குப் பின் திருத்தியபோது 9,500 கோடி. எந்த எண்ணைச் சொல்கிறோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ககன்யானுக்கு 2018 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2024 செப்டம்பரில் இந்திய விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியையும் சேர்த்துத் திட்டத்தை விரித்தார்கள். 11,170 கோடி கூடி, மொத்தம் 20,193 கோடி ஆனது. அதில் எட்டுப் பயணங்கள் அடக்கம், 2028 டிசம்பருக்குள் முடிக்க வேண்டும். இந்தத் தொகை பத்தாண்டுக்கானது. இதை ஓர் ஆண்டு பட்ஜெட்டோடு ஒப்பிட்டால் பத்து மடங்கு தப்பு. இயந்திர அணியில் ஒருவர் இதைச் செய்வார் என்றே எதிர்பார்க்கலாம்.

மனிதர் அணியின் வழக்கமான தப்பு வேறு: 'பட்ஜெட்டில் கால் சதவீதம்தானே' என்று சொல்லி உட்கார்ந்துவிடுவது. சிறிய தொகை என்பதால் ஒரு செலவு நியாயமாகிவிடாது. அதே காசில் ஆளில்லாத எத்தனை பயணம் போகலாம் என்பதுதான் சரியான எடைக்கல். சந்திரயான்-3க்கு ஆன செலவு சுமார் 615 கோடி. ககன்யான் மொத்தத் தொகையில் அதுபோல் முப்பத்திரண்டு பயணம் போகலாம். இதற்கு மனிதர் அணி பதில் வைத்திருக்க வேண்டும்.

ஆண்டுவாரியாக ககன்யானுக்கு என்ன செலவானது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்வெளித் துறையைக் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள் அவகாசம். ஆறு வாரம் என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இதுவே காரணம். 'ககன்யான் பற்றிய எல்லா விவரமும்' என்று கேட்டால் பயன் இருக்காது. '2019-20 முதல் ஒவ்வொரு நிதியாண்டிலும் ககன்யான் திட்டத்தில் உண்மையில் செலவான தொகை' என்று ஒரே வரியில் கேளுங்கள்.

நெல்மணி அட்டை

கோடிகள் காதில் நிற்காது. கண்ணுக்குக் காட்ட வேண்டும். கறுப்புச் சார்ட் தாள் ஒன்றில் பசை தடவி, வரிசைக்கு நூறாகப் பத்து வரிசை நெல்மணி ஒட்டுங்கள். இந்த ஆயிரம் மணிதான் மத்திய அரசின் ஓர் ஆண்டுச் செலவு. 2025-26 பட்ஜெட் மதிப்பீட்டின்படி மொத்தம் 50,65,345 கோடி. அதில் வட்டிக்கு மட்டும் 252 மணி, உணவு மானியத்துக்கு 40, உர மானியத்துக்கு 33. விண்வெளித் துறை முழுவதற்கும் இரண்டரை மணிக்குச் சற்று மேல். ககன்யானின் பத்தாண்டுத் தொகையை ஆண்டுக்குப் பிரித்தால் அரை மணி நெல்கூட இல்லை. அதற்கு ஒரு குருணையை ஒட்டிவிடுங்கள். புதிய பட்ஜெட் வந்திருந்தால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

சன்ன ரகம் வேண்டாம், மோட்டா ரகம் எடுங்கள், பின்வரிசைக்குத் தெரியும். ஒவ்வொரு பங்கையும் வேறு நிறத்தில் மஞ்சள், குங்குமம், நீலம் கரைத்த நீரில் நனைத்து உலர்த்தி ஒட்டினால் பிரித்துக் காட்ட எளிது. ஈரம் காயாமல் ஒட்டினால் இரவுக்குள் உதிரும். பேச்சு தொடங்கும் முன் அட்டையை வரிசை வரிசையாகக் கைமாற்றி விடுங்கள். மேடையில் மட்டும் தொங்கவிட்டால் பயனில்லை.

இரண்டு அணிக்கும் சரக்கு

அணிக்கு மூன்று பேர் போதும். ஒவ்வொருவருக்கும் ஐந்தாறு சான்று அட்டை: முன்பக்கம் தகவல், பின்பக்கம் அது எங்கிருந்து வந்தது. அட்டையில் இல்லாத எண்ணை மேடையில் சொல்லக்கூடாது என்பது முதல் விதி.

மனிதர் அணிக்கு வலுவானது நிலவுப் பயணங்கள். அமெரிக்காவின் அப்பல்லோ வீரர்கள் கொண்டுவந்த பாறையும் மண்ணும் 382 கிலோ. சோவியத்தின் ஆளில்லா லூனா கலங்கள் மூன்றும் சேர்ந்து கொண்டுவந்தது 300 கிராம் சொச்சம். 1972இல் அப்பல்லோ-17இன் இருவர் மூன்று நாளில் நிலவில் வண்டியோட்டிய தூரம் 35 கிலோமீட்டருக்கு மேல். செவ்வாயில் ஆப்பர்சுனிட்டி ஊர்தி 45 கிலோமீட்டர் போகப் பதினான்கு ஆண்டு ஆயிற்று. 1990இல் ஏவிய ஹப்பிள் தொலைநோக்கியின் கண்ணாடி தப்பாகத் தேய்க்கப்பட்டிருந்ததை 1993 டிசம்பரில் வீரர்கள் நேரில் போய்ச் சரிசெய்ததும் இந்த அணிக்கு உதவும்.

இயந்திர அணி அதே தகவல்களைத் திருப்பிப் போடலாம். அப்பல்லோவுக்கு ஆன செலவு அந்தக் காலத்து 2,500 கோடி டாலர் அளவு. 1966இல் நாசா அமெரிக்க மத்திய பட்ஜெட்டில் நான்கு சதவீதத்துக்கு மேல் வாங்கியது. அந்த விலை கொடுத்தால் எதையும் கொண்டுவரலாம். சீனாவின் சாங்-இ 6 நிலவின் மறுபக்கத்திலிருந்தே 2024இல் 1,935 கிராம் மண்ணை ஆளில்லாமல் எடுத்து வந்தது. பிரிட்டனின் அரச வானியலாளராக இருந்த மார்ட்டின் ரீஸ், மனிதப் பயணத்துக்கு அரசு காசு வேண்டாம், விருப்பமுள்ள தனியார் தங்கள் பணத்தில் போகட்டும் என்கிறார். இந்திய விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிவைத்த விக்ரம் சாராபாயும் இந்த அணிக்கு வருவார், பலருக்கு இது வியப்பாக இருக்கும். முன்னேறிய நாடுகளோடு நிலவுக்கோ கோள்களுக்கோ மனிதப் பயணத்துக்கோ போட்டியிடும் கனவு நமக்கில்லை என்றுதான் அவர் சொன்னார். அடுத்து வருகிற, தொழில்நுட்பத்தை மக்கள் பிரச்சினைகளுக்குப் பயன்படுத்துவதில் நாம் யாருக்கும் பின்தங்கக்கூடாது என்ற பகுதியை மட்டும் மேடைகளில் சொல்லிவிட்டு முன்பகுதியை விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

'தனியாரிடம் விட்டுவிடலாம்' என்ற வாதம் வந்தால் மனிதர் அணி கேட்க வேண்டியது: தனியாருக்குக் காசு எங்கிருந்து வந்தது? ஸ்பேஸ்எக்ஸ், போயிங் நிறுவனங்களுக்கு வீரர்களை ஏற்றிச்செல்லும் ஒப்பந்தத்தை 2014இல் கொடுத்தது நாசா. 2025 ஜூன் 25 அன்று ஆக்சியம்-4 என்ற தனியார் பயணத்தில் இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா போன இருக்கைக்குப் பணம் கட்டியது இந்திய அரசு. எங்கள் கணிப்பில் மனிதர் அணிக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. இன்றைக்கும் அரசு கையை எடுத்தால் பெரும்பகுதி நின்றுவிடும்.

டெல்டாக் கூட்டத்துக்குப் பயறு உதாரணம் நன்றாகப் பிடிக்கும், கவனமாகக் கையாளுங்கள். சுக்லா விண்வெளி நிலையத்தில் பாசிப்பயறும் வெந்தயமும் முளைக்க வைத்தார். அதற்கு ஆறு மாதம் முன்னால், 2024 டிசம்பர் 30 அன்று பறந்த பிஎஸ்எல்வி-சி60 ராக்கெட்டின் மேல்நிலையில் ஒரு சிறு பெட்டிக்குள் எட்டுக் காராமணி விதைகளை இஸ்ரோ அனுப்பியது. நான்கு நாளில் அவை முளைத்தன, இலையும் விட்டன. ஆள் யாரும் இல்லை. இயந்திர அணி இதைப் போட்டால் அரங்கம் அசையும். மனிதர் அணி தரவேண்டிய பதில்: அந்தப் பெட்டி திரும்பி வரவில்லை, சுக்லாவின் முளைகள் உறைபெட்டியில் வைத்துப் பூமிக்கு வந்தன. 'விண்வெளிப் பயறு நம்ம வயலுக்கு வரப்போகிறது' என்று யாராவது நீட்டினால் நடுவர் வெட்டிவிட வேண்டும். நடந்தது முளைப்புச் சோதனை, அவ்வளவே.

பேச்சிலிருந்து விலக்க வேண்டியவையும் உண்டு. டெஃப்லான், வெல்க்ரோ, டேங் பானம் மூன்றும் விண்வெளி ஆய்வில் பிறந்தவை என்பது தவறு, மூன்றும் அதற்கு முன்பே இருந்தவை. 'கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுவானாம்' என்ற பழமொழியை யாராவது கட்டாயம் சொல்வார், கைதட்டலும் விழும். தடுக்க வேண்டாம். சொன்னவர் அடுத்த வாக்கியத்திலேயே ஓர் எண்ணைக் காட்ட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உயிரிழப்பை மனிதர் அணியே முதலில் எடுத்துப் பேசுவது நல்லது. 1986 ஜனவரி 28 சேலஞ்சரில் ஏழு பேர், 2003 பிப்ரவரி 1 கொலம்பியாவில் கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர். எதிரணி சொல்லி இவர்கள் மழுப்பினால் அவையின் நம்பிக்கை போய்விடும். ஆபத்தில் வீரர்களைத் தப்பவைக்கும் அமைப்பை 2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் சோதித்ததை அதோடு சேர்த்துச் சொல்லலாம். முதலில் 2022க்குள் என்று அறிவித்த பயணம் தள்ளிப்போனதை எதிரணி குற்றமாகச் சொன்னால், பாதுகாப்புச் சோதனைக்கு எடுத்த காலத்தைக் குற்றமாகச் சொல்வது சரியா என்று நடுவர் கேட்கலாம்.

மேடை

நடுவர் முன்னுரை பத்து நிமிடம், பேச்சாளருக்கு எட்டு நிமிடம், ஏழாவது நிமிடத்தில் ஒரு மணி. அவையின் கேள்விக்குப் பதினைந்து, அணித்தலைவர் மறுப்புக்கு மூன்று மூன்று, தீர்ப்புக்குப் பன்னிரண்டு. நடுவரின் இடைப்பேச்சையும் சேர்த்து ஒன்றே முக்கால் மணி நேரம். மாலை 6.30க்குத் தொடங்குங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குச் சட்டத்தில் இடமில்லை, காவல் நிலையத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள். மின்சாரம் போனால் மைக் ஓட ஓர் இன்வெர்ட்டர் இருக்கட்டும்.

சீட்டும் தீர்ப்பும்

நுழையும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு வெள்ளைச் சீட்டு, ஒரு மஞ்சள் சீட்டு, இரண்டிலும் ஒரே எண். பேச்சுக்கு முன் வெள்ளையில் 'ம' அல்லது 'இ' எழுதிப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். முடிந்தபின் மஞ்சளில். எண் ஒன்றாக இருப்பதால் எத்தனை பேர் பக்கம் மாறினார்கள் என்று எண்ணலாம். வென்ற அணி எது என்பதைவிட இந்த மாற்றம்தான் பேச்சாளர்களின் உழைப்பைக் காட்டும். தொடக்கத்திலேயே கூட்டம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் கைதட்டலை வைத்து எதையும் அளக்க முடியாது.

'இரண்டும் வேண்டியதே' என்று நடுவர் தீர்ப்புச் சொல்வது கேட்டவர்களை ஏமாற்றுவது. ஒரு பக்கம் நிற்க வேண்டும், கூடவே எந்த நிலைமை மாறினால் தன் தீர்ப்பும் மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். உதாரணமாக, மனிதர் பக்கம் தீர்ப்புச் சொல்கிறவர், ககன்யானுக்காகப் புயல் கண்காணிப்புச் செயற்கைக்கோள்களின் ஒதுக்கீடு குறைந்தால் என் தீர்ப்பு செல்லாது என்று சேர்க்கலாம்.

மறுநாளே சீட்டு எண்ணிக்கையையும், தகவல் உரிமைப் பதில் வந்திருந்தால் அதன் நகலையும் ஊர் நூலகத்தில் ஒட்டுங்கள். இரண்டையும் இணைத்துத் தொகுதி மக்களவை உறுப்பினருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதலாம். மக்களவையில் கேள்வி கேட்க உறுப்பினர் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். ஆகவே கடிதத்தில் கருத்தைவிட, அவர் அப்படியே எடுத்துக் கேட்கக்கூடிய ஒரு கேள்வியை எழுதிக் கொடுங்கள்.