கேஷ் கவுண்டரில் உட்காருபவர்களுக்கு: அன்றைய அழுத்தத்தை அன்றே இறக்கிவைப்பது எப்படி?

கும்பகோணத்தில் ஒரு வங்கிக் கிளையில் கேஷியராக இருக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் ஒரு மாதம் போனதும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அக்கா, வீட்டுக்குப் போன பிறகும் படபடப்பு அடங்க மாட்டேங்குதே, என்ன செய்றது?" அவர்களிடம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். கவுண்டர் வேலை பார்க்கும் எல்லோருக்கும் இது பொருந்தும்.

கூட்டத்தை நம்மால் குறைக்க முடியாது. சர்வர் எப்போது நிற்கும் என்பதும் நம் கையில் இல்லை. ஆனால் நேற்றைய இறுதி இருப்புதானே இன்றைய தொடக்க இருப்பு? அழுத்தமும் அப்படித்தான் நாளுக்கு நாள் கணக்கில் ஏறுகிறது. அதை அன்றன்றே குறைத்து எழுதத்தான் இந்தப் பழக்கங்கள்.

முதலில் தண்ணீர். பெண் ஊழியர்கள் பலர் சீட்டை விட்டு எழ முடியாதே என்று காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. மதியத்துக்குள் தலைவலி, எரிச்சல். வருடக்கணக்கில் அடக்கி அடக்கிச் சிறுநீர்த் தொற்று வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பாட்டிலை மேசை மேல் கண்ணில் படும்படி வையுங்கள். பதினொன்றரை மணி வாக்கில் ஒரு முறை கட்டாயம் எழுந்திருங்கள். டிராயரைப் பூட்டி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஸ்கிரீனை லாக் செய்துவிட்டுப் போங்கள். பாஸ்வேர்டை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள், எவ்வளவு நெருங்கிய தோழியானாலும். "அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்யா" என்று வரிசையில் முதலில் நிற்பவரிடம் சொல்லிவிட்டுப் போனால் பெரும்பாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சொல்லாமல் எழுந்தால்தான் சத்தம் வரும்.

அடுத்தது, ஒரு டோக்கனுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் கிடைக்கும் சில நொடிகள். இதை எங்கள் அன்றைய தலைமைக் கேஷியரிடம் கற்றுக்கொண்டேன். 2016 நவம்பரில் பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகளை மாற்ற ஊரே வாசலில் நின்ற நாட்கள் அவை. சனி, ஞாயிறும் கிளை திறந்திருந்தது. எல்லோரும் பதறிக்கொண்டிருக்க, அவர் மட்டும் ஒவ்வொருவரையும் அனுப்பிய பிறகு இரண்டு கைகளையும் மேசை மேல் விரித்து வைப்பார். தோளை இறக்குவார். மூச்சை மெதுவாக வெளியே விடுவார். அப்புறம்தான் அடுத்தவரைக் கூப்பிடுவார். வரிசை அதனால் தாமதமானதே இல்லை.

நீங்களும் செய்து பாருங்கள். கவுண்டரில் உட்கார்ந்தால் தோள் காது வரைக்கும் ஏறிவிடும், நமக்கே தெரியாது. பல்லும் கடித்தபடியே இருக்கும். நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் தணியும், அதனால்தான் விடும் நேரம் நீளமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு டோக்கனுக்கும் இது முடியாது. கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று சத்தம் போட்டுவிட்டு ஒருவர் போகிறாரா, அவருக்குப் பிறகு கட்டாயம் செய்யுங்கள். அவர் மேல் வந்த கோபம் அடுத்து நிற்கும் பாட்டியின் மேல் விழக்கூடாது. அவர் பென்ஷன் வாங்கப் பாபநாசத்திலிருந்தோ வலங்கைமானிலிருந்தோ பஸ் ஏறி வந்திருப்பார்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எத்தனையோ கைகள் மாறி வந்த நோட்டை எண்ணிய கை, சோப்புப் போட்டுக் கழுவாமல் டப்பாவைத் திறக்காதீர்கள். சோற்றைக் கொஞ்சம் குறைத்து, காயையோ சுண்டலையோ கூட்டிக்கொண்டால் மூன்று மணித் தூக்கம் வராது. கவுண்டரிலேயே உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். சாப்பிடும்போது டார்கெட் பேச்சு வேண்டாம் என்று எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். இன்சூரன்ஸ் எத்தனை பிடித்தாய் என்று அங்கே யாரும் யாரையும் கேட்க மாட்டோம்.

இனி நான்கு மணி. நம் வேலையிலேயே மிகக் கொடுமையான கால் மணி நேரம், காசு டேலி ஆகாத, அதாவது கையிலுள்ள பணமும் கணக்கும் ஒத்துப்போகாத கால் மணி நேரம்தான். குறைந்தால் கைக்காசு போட வேண்டும். அந்தப் பயத்தில் கை நடுங்க, திரும்பத் திரும்ப அதே கட்டுகளை எண்ணிக்கொண்டே இருப்போம். பதற்றத்தில் எண்ணினால் இரண்டாவது முறை வேறொரு தொகை வரும், பதற்றம் இன்னும் ஏறும்.

வித்தியாசம் வந்ததும் டிராயரைப் பூட்டிவிட்டு எழுந்து போய் முகம் கழுவுங்கள். திரும்பி வந்து, நோட்டைத் தொடாமல், வித்தியாசத் தொகையை ஒரு தாளில் எழுதுங்கள். அது 9 ஆல் மீதியில்லாமல் வகுபடுகிறதா? எண் இடம் மாறியிருக்கலாம்: 5,400 என்பது 4,500 ஆகப் பதிவானால் வித்தியாசம் 900. ஒரு பூஜ்யம் கூடினாலும் 9 ஆல் வகுபடும். இல்லையென்றால் தொகையைப் பாதியாக்கி, அந்தத் தொகைக்குச் சலான் இருக்கிறதா என்று தேடுங்கள். 2,000 வரவைப் பற்றில் போட்டால் 4,000 இடிக்கும். 300 குறைந்தால் 200 ரூபாய் நோட்டுக்குப் பதில் 500 போயிருக்கலாம். சரியாக 50,000 என்றால் பயப்படுவதற்கு முன்னால் டிராயரின் பின்பக்கம் பாருங்கள், நூறு 500 ரூபாய் நோட்டு உள்ள ஒரு கட்டு அங்கே சரிந்து கிடக்கலாம். இவ்வளவும் பார்த்த பிறகு நோட்டை எண்ணுங்கள், முடிந்தால் வேறொருவரை எண்ணச் சொல்லுங்கள். தேடுவதற்கு ஒரு வழி கையில் இருந்தாலே பயம் பாதி குறைகிறது. புதிய பிள்ளைகளுக்கு நான் முதலில் எழுதிக் கொடுப்பது இந்தத் தாளைத்தான்.

சரி, மாலை. இது டிகிரி காபி ஊர், காபியை விடச் சொல்ல மாட்டேன். நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். குடித்த காபியின் வீரியம் பாதியாகவே ஐந்து மணி நேரம் போலாகும். ஐந்து மணிக்குக் குடித்தது இரவு பத்துக்கும் பாதி உடம்பில் இருக்கும். கடைசிக் காபியை மதியச் சாப்பாட்டோடு முடித்துக்கொள்வது நல்லது. நான்கு மணிக்குப் பசித்தால் மோரும் கடலை உருண்டையும் போதும்.

வீட்டுக்குப் போகும்போது ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்துவிடுங்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேலை நாட்களில் தினமும் அரை மணி நடந்தால் கணக்கு சரியாகிவிடும். நான் மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கிறேன். நடக்கும்போது போன் பையில் இருக்க வேண்டும். கிளையின் வாட்ஸ்அப் குழுவை இரவு எட்டு மணிக்கு மேல் சத்தமில்லாமல் வைத்துவிடுங்கள். உண்மையிலேயே அவசரம் என்றால் மேலாளர் போன் செய்வார். ஏழு மணி நேரத் தூக்கத்தில் மட்டும் கைவைக்காதீர்கள். தூங்காமல் வந்து உட்கார்ந்த நாளில் நோட்டும் தப்பும், வாயும் தப்பும்.

வருடத்தில் நெருக்கடி மாதங்கள் எவை என்று நமக்கு முன்கூட்டியே தெரியும். மார்ச் கடைசி எல்லோருக்கும் உள்ளதுதான். எங்கள் பக்கம் ஜூனும் சேர்த்தி. ஜூன் 12 மேட்டூர் அணை திறப்பு, குறுவைச் செலவு, பள்ளிக்கூடக் கட்டணம், எல்லாம் ஒன்றாக வந்து நகைக்கடனுக்குக் கூட்டம் நெரியும். நவம்பரில் பென்ஷன்காரர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்க வருவார்கள். இந்த மாதங்களில் வீட்டு விசேஷப் பொறுப்பு எதையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். இரண்டாம், நான்காம் சனிக்கிழமை விடுமுறையில் ஒன்றையாவது ஒன்றும் செய்யாமல் கழியுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் அதை முதல் வாரமே சொல்லிவைப்பது நல்லது.

ஆட்கள் போதாத கிளையில் மூச்சுப் பயிற்சி மட்டும் செய்து தாக்குப்பிடிக்க முடியாது, அதையும் சொல்லத்தான் வேண்டும். மாதக்கணக்கில் கேஷிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால் வேறு சீட்டுக்கு மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் சங்கத்தில் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம்.

இரண்டு வாரமாகத் தூக்கமே இல்லை, காலையில் வங்கியை நினைத்தாலே குமட்டுகிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு வலித்தால் அழுத்தம்தான் என்று நீங்களே முடிவு கட்டாமல் அன்றே போங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவை அது, கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். மருத்துவர் விடுப்பு எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள். கவுண்டரில் அன்றைக்கு வேறொருவர் உட்காருவார்.