அப்பாவை நடக்க வைத்த கதை: மூளையின் சின்ன ரத்தக்குழாய்களுக்காக ஏழு வாரப் பயிற்சி

அப்பாவுக்கு எழுபத்தொன்று. சேலம் செவ்வாப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் நாற்பது வருடம் சம்மணம் போட்டு உட்கார்ந்தே வேலை பார்த்தவர். போன வருடம் தலைசுற்றல் என்று ஸ்கேன் எடுத்தால் மூளையில் அங்கங்கே வெள்ளைத் திட்டு. "சின்ன ரத்தக்குழாய் கொஞ்சம் பழுதாகியிருக்கு, பிரஷரைப் பாத்துக்கங்க, தினமும் நடங்க" என்றார் டாக்டர். எப்படி நடப்பது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மறுநாளே அவரை மூக்கனேரிக்குக் கூட்டிப்போய் ஒரு மணி நேரம் விடாமல் நடக்க வைத்தேன். முட்டி வீங்கிப் பத்து நாள் கட்டில்தான். அதற்கப்புறம் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான், ஆனால் சும்மா இருக்கும்போதே உடம்பு எடுக்கிற ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. ஆழத்துக்கு அதைக் கொண்டுபோகிற குழாய்கள், பட்டறையில் இழுக்கிற வெள்ளிக் கம்பி மாதிரி அவ்வளவு மெல்லிசு. வருடக்கணக்கில் பிரஷர் இடித்துக்கொண்டே இருந்தால் சுவர் தடித்து, இறுகி, உள்ளே வழி குறுகிவிடும். நடக்கும்போது ரத்தம் வேகமெடுத்து உட்சுவரை உரசுகிறது, அந்த உரசலுக்கு உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை விடுகிறது, குழாய் தளர்ந்து விரிகிறது. விடாமல் நடந்தால் பிரஷரும் நாலைந்து பாயிண்ட் இறங்கலாம். விழுந்த திட்டு மறையும் என்று எதிர்பார்த்து மட்டும் நடக்காதீர்கள், புதிதாக விழுவதைக் குறைக்கத்தான் இந்தப் பாடு.

முதல் வேலை, பிரஷர் பார்ப்பது. காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். நாற்காலியில் சாய்ந்து, பாதம் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, கையை மார்பு உயரத்தில் மேஜைமேல் வைத்து எடுங்கள். அப்பா மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு கையை நீட்டுவார், மெஷின் என்ன காட்டும்? எண்ணை நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். நெஞ்சுவலி வந்தவர், சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

அடுத்து அளவு. 2011இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 55 முதல் 80 வயதுள்ள 120 பேரில் பாதிப் பேரை ஒரு வருடம், வாரத்துக்கு 3 நாள் நடக்க வைத்தார்கள். பத்து நிமிடத்தில் ஆரம்பித்து, வாரத்துக்கு ஐந்து ஐந்தாகக் கூட்டி, ஏழாவது வாரத்தில் நாற்பது நிமிடம். நடந்தவர்களுக்கு ஞாபகத்துக்கான மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் வளர்ந்தது, வெறுமனே உடம்பை நீட்டி மடக்கியவர்களுக்குச் சுருங்கியது. அந்தக் கணக்கையே அப்பாவுக்கும் எடுத்துக்கொண்டேன், தினமும் என்று மாற்றி. முதல் நாள் தெருமுனை வரை போய்த் திரும்பியதும், "இதுக்கா கண்ணு செருப்பு வாங்குன?" என்றார்.

வேகத்துக்குக் கருவி வேண்டாம். பேச முடியணும், பாட முடியக்கூடாது. அப்பா வெள்ளி விலை பேசிக்கொண்டே வந்தால் சரி, பழைய பாட்டு முணுமுணுத்தால் மெதுவாகப் போகிறார் என்று அர்த்தம்.

நேரம்? சேலத்து வெயிலில் சித்திரை, வைகாசி எல்லாம் ஆறு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, பின்னால் வார் வைத்த செருப்போ ஷூவோ போட்டு. ரப்பர் செருப்பு வேண்டாம், வழுக்கி விழுந்தால் ஏழு வாரமும் போச்சு. திரும்பும் வழியில் தட்டுவடை செட் கடை உண்டு, உப்பு பிரஷருக்கு ஆகாது, அதனால் அப்பாவுக்கு வாரத்துக்கு ஒன்று என்று பேரம் முடிந்திருக்கிறது.

ஏற்காடு? ஏழாவது வாரத்துக்கு முன்னால் வேண்டாம். குளிருக்கு நடக்கச் சுகம்தான், ஏரியைச் சுற்றிச் சமமான இடமாகப் பார்த்து நடக்கலாம், ஆனால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும், இறக்கத்தில் முட்டி சொல்லும். கொண்டை ஊசி வளைவுகளில் நடக்கிற யோசனையே வேண்டாம், பஸ்காரர் பார்க்கமாட்டார்.

நடக்கும்போது முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, "கொஞ்சம் உக்காந்தா சரியாயிடும்" என்று இருக்காதீர்கள், உடனே 108. அது பக்கவாதமாக இருக்கலாம். மூளைக் குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

அப்பா இப்போது பதினோராவது வாரம். நேற்று மழை, நான் எழவில்லை, அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.