பாட்டியின் நேரியதில் பேரக்குழந்தைக்கு ஞானஸ்நான கவுன்

கத்தரியை எடுக்கும் முன் நேரியதுக்கு, அதாவது தோளில் போடும் மேல்துணிக்கு, சொந்தக்காரியான பாட்டியைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். எந்த ஓரம் அதிகம் தேய்ந்தது, எங்கே இழை ஓட்டியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். வெட்டும் கோட்டைச் சாக்பீஸால் அவரே போடட்டும். கண் மங்கியிருந்தாலும், பழைய துணி எவ்வளவு இழுப்பைத் தாங்கும் என்பது கைக்குத் தெரியும்.

துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வருடக்கணக்காக மடித்திருந்த கோடுகளில் நூல் மெலிந்திருக்கும். அந்தக் கோடு யோக்கில், அதாவது கவுனின் மார்புப் பகுதியில், வரக்கூடாது. இரண்டு கட்டைவிரலால் குறுக்கே இழுக்கும்போது இழை விலகினால், அந்தப் பகுதியை ஒதுக்கிவிடுங்கள். உள்ளே கொடுக்க அரை மீட்டர் வெள்ளை மல் (மெல்லிய பருத்தி) துணியும் வேண்டும். அதையும் லேஸையும் முதலிலேயே நனைத்துக் காயவையுங்கள்; பருத்தி பிறகு சுருங்கினால் யோக் கோணிக்கொள்ளும்.

ஆறு மாதக் குழந்தைக்கு மார்புச் சுற்று ஏறத்தாழ 17 இஞ்சு. கவுன் நீளம் 24 இஞ்சு வரட்டும். தோள் 8 இஞ்சு, யோக் உயரம் 5, கை வளைவு 4, கழுத்து அகலம் 4, முன் இறக்கம் 1¾, பின் இறக்கம் ¾. தையலுக்கு எல்லாப் பக்கமும் அரை இஞ்சு கூட்டுங்கள். முன் யோக் ஒரே துண்டு. பின் யோக் இரண்டு துண்டு, நடுவில் ஒன்றின் மேல் ஒன்று ஏற அரை இஞ்சு அதிகம்.

பாவாடைப் பகுதியைக் கசவு (பொன்னிழை) கரையோடு சேர்த்து 44 இஞ்சு நீளம், 21 இஞ்சு உயரத்தில் வெட்டுங்கள். கரையே அடி ஓரமாகிவிடுவதால் அங்கே மடித்துத் தைக்க வேண்டாம். கரைக்கு மேலே கால் இஞ்சு டக் (மடித்துத் தைக்கும் மடிப்பு) மூன்று பிடியுங்கள். ஒன்று அரை இஞ்சு துணியை எடுக்கும். அடுத்த குழந்தை சற்று உயரமாக இருந்தால் பிரித்து ஒன்றரை இஞ்சு இறக்கலாம்.

ஊசி 11-ஆம் எண், பருத்தி நூல், தையல் நீளம் 2.5 மி.மீ. இதைவிட நெருக்கமாக ஓட்டினால், ஊசித் துளைகள் அடுத்தடுத்து விழுந்து பழைய துணி அந்த வரியிலேயே கிழியும். சுருக்கத்துக்கு மேல் ஓரத்திலிருந்து கால் இஞ்சிலும் ஐந்தெட்டு இஞ்சிலும் இரண்டு நீளத் தையல் ஓட்டி, பாபின் நூலை இழுங்கள். முழு அகலத்துக்கும் ஒரே நூல் போட்டால் பாதியில் அறும். நான்காகப் பிரித்துச் சுருக்குவது நல்லது.

யோக்குக்கும் மல் துணிக்கும் நடுவே சுருக்கத்தை வைத்துத் தையுங்கள். பிசிறு வெளியே வராது. பின் நடுத் தையலுக்கு முதலில் துணியின் கெட்ட பக்கங்கள் (உள்பக்கங்கள்) சேர ஒரு தையல், ஓரத்தை எட்டில் ஒரு இஞ்சாக நறுக்கி, திருப்பி மறுபடி ஒரு தையல். பின் திறப்பை யோக்குக்குக் கீழும் 2 இஞ்சு விடுங்கள். குழந்தையின் தலை 17 இஞ்சு, கழுத்து வட்டம் 10 இஞ்சுதான். திறப்பு குறைந்தால் தலை நுழையாமல் குழந்தை அழும், அவசரத்தில் துணி கிழியும். பட்டன் வாயில் போகலாம். மெல்லிய துணி நாடாவே பாதுகாப்பு.

லேஸ் கைமுனையில் மட்டும் போதும். ஞானஸ்நானத் தண்ணீர் கழுத்தில் வழியும். அங்கே லேஸோ கசவோ இருந்தால் ஈரத்தில் தோலை உரசும். 1820-களில் மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த லேஸ் வேலையின் தொடர்ச்சியாகக் கைலேஸ் துண்டு ஏதும் பெட்டியில் இருந்தால், அதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. அதை மெஷினில் கொடுக்காதீர்கள். கையால் தொட்டுத் தொட்டுத் தைத்தால் பிறகு சேதமின்றிப் பிரிக்கலாம்.

யோக்கின் உள்பக்கம் குழந்தையின் பெயரும் தேதியும் சங்கிலித் தையலில் போடுங்கள். அடுத்த பெயருக்கு இடம் விடுங்கள்.

அன்றே மென்மையான சோப்பில் அலசுங்கள். பூசிய எண்ணெய் துணியில் தங்கினால் மஞ்சள் கறையாகும். நிழலில் காயட்டும். கஞ்சி வேண்டாம், பூச்சி தேடி வரும். பாச்சை உருண்டையும் வேண்டாம், கசவு கறுக்கும். பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலமும் உண்டு. ஆகஸ்டிலும் ஜனவரியிலும் வெளியே எடுத்து, காற்றாடவிட்டு, வேறு கோட்டில் மடித்து வையுங்கள்.