பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒரு பின் ஸ்பாய்லர்: வாங்குவதும் பொருத்துவதும்

ஸ்பாய்லர் (டிக்கி ஓரத்தில் நிற்கும் காற்றுத் தடுப்பு) மாட்டுவதற்காகப் பழைய காரின் டிக்கி மூடியில் ஒருமுறை போட்ட ஓட்டையை இல்லாததாக்க முடியாது. வெல்டிங் வைத்து அடைத்து, பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) பார்த்து, பெயின்ட் அடித்தாலும், சில மழைக்காலங்களுக்குள் அந்த இடம் கொப்புளித்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் பின் ஸ்பாய்லரைத் தேடுவதற்கு முன்னால், அதே மாடலுக்கு உபரியாக ஒரு டிக்கி மூடியைத் தேட வேண்டும். ஓட்டைகள் எல்லாம் அந்த மூடியில் விழட்டும். காருடன் வந்த மூடியைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிடலாம். பழைய இரும்புக் கடைகளில் அலைந்து மூடி வாங்கும் செலவு வீண் என்று தோன்றலாம். ஆனால் காரை விற்கும் நாளில் வாங்குபவர் முதலில் கேட்பது அந்தப் பழைய மூடியைத்தான்.

ஸ்பாய்லர் செய்யும் வேலை எளிமையானது. சரிந்து இறங்கும் பின்பக்கத்தின் மேல் காற்று வேகமாக வழுக்கிச் செல்லும்போது அங்கே அழுத்தம் குறைந்து, காரின் பின்புறம் மேலே தூக்கப்படுகிறது. மூடியின் ஓரத்தில் நிற்கும் சிறு தடுப்பு அந்த ஓட்டத்தைக் குலைத்து, தனக்கு முன்னால் உள்ள பரப்பில் அழுத்தத்தைக் கூட்டுகிறது. கால் ஊன்றி உயர்ந்து நிற்கும் விங் என்பது வேறு வகை; அது தலைகீழாகக் கவிழ்த்த விமான இறக்கையைப் போலக் காரைக் கீழே அழுத்துகிறது. இரண்டுக்கும் பொதுவான கணக்கு ஒன்று உண்டு: வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகும். எனவே தருமபுரி பேருந்து நிலையச் சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும் காருக்கு ஸ்பாய்லர் வெறும் அலங்காரம்தான். அலங்காரம் வேண்டும் என்று விரும்புவதில் தவறில்லை. அதற்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்பது மட்டும் தெளிவாக இருக்க வேண்டும்.

தொழிற்சாலையிலேயே ஸ்பாய்லருடன் வந்த கார்களைக் கவனித்தால், அந்தப் பாகம் தனியாக வரவில்லை என்பது புரியும். 1973ஆம் ஆண்டு மாடலான போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7 காரின் வாத்து வால் போன்ற பின் ஸ்பாய்லருக்கு இணையாக முன்பக்கத்திலும் ஒரு ஸ்பாய்லர் இருந்தது. பின்புறத்தை மட்டும் அழுத்தினால் முன் சக்கரங்களின் பிடி ஒப்பீட்டளவில் குறைந்து, வளைவில் ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. 1975இல் வந்த 911 டர்போவின் அகன்ற திமிங்கல வாலில் எஞ்சினுக்குக் காற்று போகும் கிரில் உண்டு. அதன் விளிம்பில் ரப்பரும் உண்டு. இந்த வாலைக் கிரில் இல்லாமல் வெறும் தகடாக நகலெடுத்து, பின்னால் எஞ்சின் உள்ள, காற்றால் குளிரும் காரில் மாட்டினால், சித்திரை வெயிலில் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். பிஎம்டபிள்யூ 3.0 சிஎஸ்எல் காரின் பெரிய பின் இறக்கை ஜெர்மனியின் சாலை விதிகளுக்குப் பொருந்தாததால், அதை டிக்கிக்குள் வைத்தே காரை ஒப்படைத்தார்கள். லம்போர்கினி கவுன்டாக்கின் விங்கோ காரின் உச்ச வேகத்தைக் குறைத்தது. அப்படியும் அதைக் கேட்டு வாங்கியவர்களுக்குக் குறைவில்லை. எதிர்த் திசையில் பாடம் சொல்வது 1998இல் வெளிவந்த ஆடி டிடி. அதிவேகத்தில் நிலை தவறிய விபத்துகளுக்குப் பிறகு, ஏற்கெனவே விற்ற கார்களையும் திரும்ப வரவழைத்துப் பின் ஸ்பாய்லர் பொருத்தினார்கள்; அப்போதும் சஸ்பென்ஷன் மாற்றங்கள் கூடவே வந்தன.

கடையில் கிடைப்பது தொழிற்சாலைப் பாகமா, வெளியார் செய்ததா என்று அறிய உட்புறத்தைப் பார்க்க வேண்டும். கம்பெனிப் பாகத்தில் பெரும்பாலும் பாக எண் வார்ப்பிலேயே பதிந்திருக்கும். போல்ட் இருக்கைகள் உலோகமாக, ஒரே அளவில் இருக்கும். தடிப்பு எங்கும் சீராக இருக்கும். நகலின் உட்புறத்தில் ஃபைபர் மேட்டின் இழைகள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். சூரிய ஒளிக்கு எதிரே பிடித்தால் மெல்லிய இடங்கள் வெளிச்சமாகத் தெரியும். நகல் என்பதாலேயே ஒதுக்க வேண்டியதில்லை. ஓசூர்ப் பக்கம் ஃபைபர் வேலை நன்கு தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். உங்கள் மூடியை நேரில் கொண்டுபோய், அதன் மேலேயே அச்சு எடுக்கச் சொல்வது, எங்கிருந்தோ பார்சலில் வரும் பாகத்தை வாங்குவதை விட மேல்.

இதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றேன். என் கான்டெஸாவுக்கு (அந்தப் பழைய இந்திய செடானை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்) பார்சலில் வந்த ஸ்பாய்லர், நடுவில் உட்கார்ந்தால் ஓரங்களில் ஒரு விரல் நுழையும் அளவு தூக்கி நின்றது. பட்டறைக்காரர் அந்த இடைவெளியைப் பட்டியால் நிரப்பி, பளபளவென்று பெயின்ட் அடித்துக் கொடுத்தார். தொப்பூர் கணவாயில் நாலைந்து முறை ஏறி இறங்கிய பிறகு, பட்டி தலைமுடி போல விரிசல் விட்டது; ஐப்பசி மழைத் தண்ணீர் அதன் வழியே இறங்கியது. தைப் பொங்கலுக்குக் கழற்றிப் பார்த்தபோது, ஓட்டையைச் சுற்றி ஐந்து ரூபாய் நாணய அளவுக்குத் துரு வட்டம் கட்டியிருந்தது.

ஆகவே முதலில் பெயின்ட் இல்லாமல் வெறுமனே வைத்துப் பார்க்க வேண்டும். மூடியின் ஓரத்தில் மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை நகர்த்துங்கள். பிடிக்காத இடத்தில் பட்டி இருக்கிறது, அங்கே போல்ட் போடக்கூடாது. பிறகு மூடி முழுவதும் மாஸ்கிங் டேப் ஒட்டி, நடுக்கோட்டைப் பென்சிலால் வரைந்து, ஸ்பாய்லரின் இரு நுனிகளும் அந்தந்தப் பக்கத்துப் பின் விளக்கின் உள் ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்று நூல் பிடித்து அளக்க வேண்டும். பத்தடி பின்னால் போய் நின்று பாருங்கள்; பழைய கார்களின் உடலே சில சமயம் கோணலாக இருப்பதால், அளவு சரியாக இருந்தும் கண்ணுக்குச் சாய்வாகத் தெரிந்தால் கண்ணை நம்புவதே நல்லது.

டேப்பின் மேலேயே புள்ளி வைத்து, சென்டர் பஞ்சால் லேசாக ஒரு தட்டு தட்டி, முதலில் 3 மில்லிமீட்டர் பிட்டால் ஓட்டை போட வேண்டும். பஞ்ச் குழி இல்லையென்றால் பிட் வழுக்கி, டேப்பைக் கிழித்துப் பெயின்ட்டில் வளைவாக ஒரு கோடு இழுத்துவிடும். பிறகு 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 7 மில்லிமீட்டர் அளவுக்கு விரிக்கலாம். அந்தச் சிறு இளக்கம் கடைசி நேரத் திருத்தத்துக்கு உதவும். ஓட்டையின் பிசிறை அரத்தால் எடுத்து, இரும்புத் தூளைத் துடைத்து, விளிம்பு வரை துரு தடுக்கும் பிரைமரும் அதன் மேல் பெயின்ட்டும் தடவி, முழுதாகக் காய விட வேண்டும். இந்த ஒரு வேலையைத்தான் பட்டறைகளில் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். கூடவே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பாய்லருக்கும் மூடிக்கும் நடுவில் மெல்லிய ரப்பர், உட்புறம் அகன்ற வாஷர், போல்ட்டைச் சுற்றிச் சிலிக்கான். சான் ஸ்டார்ம் போல உடலே ஃபைபராக உள்ள கார் என்றால், வாஷர் போதாது. நீளமான அலுமினியப் பட்டையை உள்ளே வைத்தே முறுக்க வேண்டும். முறுக்குவதும் அளவோடுதான், ஃபைபர் நசுங்கும் சத்தம் கேட்ட பிறகு நிறுத்திப் பயனில்லை.

உதடு போன்ற சிறு ஸ்பாய்லருக்கு ஓட்டையே வேண்டாம். நல்ல இருபக்க ஃபோம் டேப் போதும். பரப்பை ஸ்பிரிட்டால் துடைத்து ஒட்டிய பின் மூன்று நாள் கழுவாமல் விட வேண்டும். பின்னாளில் எடுக்க வேண்டுமானால், கே.ஆர்.பி. அணைப் பக்கம் மீன் பிடிப்பவர்கள் வைத்திருக்கும் தூண்டில் நரம்பை இரு கையாலும் பிடித்து, ரம்பம் அறுப்பது போல டேப்பின் நடுவே இழுத்தால் பெயின்ட் உரியாமல் வந்துவிடும். உயரமான விங்குக்கு டேப்பை நம்பவே கூடாது.

புதிதாக வார்த்த ஃபைபரை உடனே பெயின்ட் அடிக்கக் கொடுக்காதீர்கள். வண்டியில் மாட்டும் நிலையிலேயே தாங்கி நிறுத்தி, சில நாள் வெயில் காட்டினால், இழைகளைப் பிணைக்கும் ரெசின் இறுகி முடிந்துவிடும். இல்லையேல் பெயின்ட்டின் அடியில் இழைகளின் தடம் பிறகு எழும்பும்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது. 50 ஆண்டு கடந்த காரை 2021இல் வந்த விதிகளின்படி விண்டேஜ் வாகனமாகப் பதிய விரும்புபவர்கள், சேஸி, உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஓட்டை போடும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்டுவிடுவது நல்லது. பரணில் இருக்கும் மூல மூடி இங்கேயும் கைகொடுக்கும்.

பொருத்தி முடித்ததும் மூடியைத் திறந்து கையை விடுங்கள். கூடுதல் எடையால் அது தானாக இறங்கினால், மூடியைத் தாங்கும் கேஸ் ஸ்ட்ரட்டையோ ஸ்பிரிங்கையோ மாற்ற வேண்டும். ஹோஸ் பைப்பால் பத்து நிமிடம் தண்ணீர் அடித்து, டிக்கிக்குள் பழைய செய்தித்தாளை விரித்து ஈரம் பாருங்கள். பிறகு பின் கண்ணாடியின் அடியிலிருந்து ஸ்பாய்லர் வரை நாலு விரல் நீளக் கம்பளி நூல்களை வரிசையாக டேப்பால் ஒட்டி, காலையில் போக்குவரத்து குறைந்த வேளையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள். நண்பர் ஒருவர் பக்கத்துத் தடத்தில் வேறு காரில் வர, அவருடன் அமர்ந்திருப்பவர் படம் எடுக்கட்டும். நூல்கள் படிந்து பின்னோக்கி ஓடினால் ஸ்பாய்லர் வரை காற்று வருகிறது. சுருண்டு சுழன்றால், காற்று கூரையிலேயே பிரிந்துவிடுவதால் தாழ்வான ஸ்பாய்லருக்கு அங்கே வேலை குறைவு. வீடு திரும்பியதும் போல்ட்டுகளை ஒரு சுற்று பார்த்துவிட்டு, 200 கிலோமீட்டர் ஓடிய பின் மீண்டும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்.