கொங்குக் காற்றில் மரச்சிலை செதுக்க

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று, பல்லடம், காங்கேயம், தாராபுரம் பக்கம் திறந்துகிடக்கும் பச்சை மரத்தைச் சீக்கிரம் வெடிக்க வைத்துவிடும். வெட்டுமுகம் மற்றப் பக்கங்களைவிட வேகமாக ஈரத்தை விடுவதே காரணம். முனை சுருங்கும், உள்ளே சுருங்காது, வெடிப்பு விழும்.

முதல் சிலைக்குக் குமிழ் மரம் நல்லது. இலேசானது, காய்ந்தபின் அதிகம் முறுக்காது. வேம்பில் நார் பின்னி ஓடுவதால் உளி பிய்த்துக்கொண்டு போகும். வாகைத் தூள் தும்மலைக் கிளப்பும், முகக்கவசம் வேண்டும். மாமரம் செதுக்க எளிது, ஆனால் வண்டு துளைக்கும்.

ஒரு அடிச் சிலைக்கு 15 அங்குல நீளம், 6 அங்குல அகலம், 5 அங்குலக் கனத்தில் கட்டை வாங்குங்கள். மரத்தின் நடுமையம் கட்டைக்குள் வரக்கூடாது. மரத்தின் ஆண்டு வளையத்தை ஒட்டிய சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கிய சுருக்கத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. மையம் உள்ளே இருந்தால் அந்த வித்தியாசமே கட்டையைப் பிளந்துவிடும். பட்டையை உரித்து, இரு முனையிலும் உருக்கிய மெழுகு பூசி, காற்று நேராக அடிக்காத நிழலில், அடியிலும் காற்றுப் போகும்படி மரச்சட்டங்கள் மேல் வையுங்கள். அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பொதுக்கணக்கு. அதைவிடத் தராசை நம்பலாம்: மாதாமாதம் எடை போட்டு, குறைவது நின்றபின் எடுங்கள்.

காய்ந்த கட்டையில் நடுக்கோட்டை நான்கு பக்கமும் இழுத்து, முன்தோற்றத்தையும் பக்கத்தோற்றத்தையும் வரையுங்கள். நார் எந்தப்பக்கம் ஓடுகிறது என்று பார்த்த பிறகே கை, வேல் போன்ற மெல்லிய உறுப்புகளின் இடத்தை முடிவு செய்ய வேண்டும். நாருக்குக் குறுக்கே விழுந்த விரல் ஒரு தட்டில் ஒடிந்துவிடும். நீட்டிய கையைத் தனித்துண்டில் செய்து முளை வைத்து ஒட்டுவதில் தவறில்லை.

கோட்டுக்குக் கால் அங்குலம் வெளியே நிற்கும்படி, முக்கால் அங்குலத்துக்கு ஒன்றாக ரம்பக்கீறல் போட்டு, இடையிலிருப்பதை அகல உளியும் கொட்டாப்புளியும் (மரச்சுத்தி) கொண்டு தட்டி எடுங்கள். மூக்கு, வயிறு, முழங்கால் என்று மேடான இடங்களை முதலில் குறித்துவிட்டு உள்ளே இறங்குங்கள். முகத்தை முதலில் முடித்துவிட்டால், பின்னால் தோளைக் குறைக்கும்போது தலை பெரிதாகத் தெரியும், அதைத் திருத்த மரம் மிச்சமிருக்காது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வெட்டுங்கள். நார் பிய்ந்தால் அழுத்தாதீர்கள், திசையை மாற்றுங்கள். தட்டாமல் கையால் தள்ளி வெட்டும் உளிக்கு முனைச்சரிவு 20 முதல் 25 பாகை.

செதுக்கல் முழுதும் முடியுமுன் உப்புத்தாள் தொடக்கூடாது. உதிர்ந்த மணல் மரத்தில் தங்கி உளி முனையைத் தின்றுவிடும். பிறகு 120, 220, 320 என்ற எண்ணுள்ள தாள்களால் வரிசையாக நாரின் போக்கில் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, எழும்பிய நாரை மறுபடி தேயுங்கள்.

வீட்டில் தாராளமாக இருக்கிறதென்று தேங்காயெண்ணெய் பூச வேண்டாம். அது உலராது, தூசியைப் பிடித்து நாறும். ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகப் பூசி, கால்மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் அடுத்த பூச்சு. துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.