கோய் மீனை மேல்கைக்கு வரைவது எப்படி: ஜப்பானியப் பச்சை குத்தல் வடிவமைப்பு, தொடங்குபவர்களுக்கு

டிராகன் என்றால் அறிவு, புலி என்றால் வீரம், கோய் என்னும் கெண்டை மீன் என்றால் விடாமுயற்சி என்று இணையத்தில் பட்டியல்கள் நிறையக் கிடைக்கின்றன. அவற்றை நம்பி வரைய உட்கார்ந்தால் தாளில் ஒரு மீன் படம் கிடைக்கும், அவ்வளவுதான். இரெசுமி என்னும் ஜப்பானியப் பச்சை குத்தல் மரபில் பொருள் சேர்க்கையில் பிறக்கிறது. மீனோடு எந்த மலர், அது எந்தப் பருவம், நீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று மூன்றையும் சேர்த்தே படிக்க வேண்டும். அந்த வரிசையிலேயே ஒரு வடிவத்தை முழுதாக வரைந்து பார்ப்போம். எல்லாம் தாளில்தான், தோலில் ஊசி வைப்பது பயிற்சி பெற்றவரின் வேலை. பென்சிலும் நிழலிடலும் உங்களுக்குப் பழக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

வேண்டியவை

2பி பென்சில், ட்ரேசிங் தாள் ஒரு கட்டு, தூரிகைப் பேனா, நீர் கலந்த கறுப்பு மை, உணவைச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் சுருள், காகித ஒட்டுநாடா, அழியாத மார்க்கர். ஐபேடில் வரைபவர்கள் வரையலாம். ஆனால் முதல் வடிவத்துக்குத் தூரிகைப் பேனாவையே சொல்வேன். இந்த மரபின் கோடு தடித்து, மெலிந்து, மீண்டும் தடிக்கும். ஒரே தடிமனில் ஓடும் நுனிப் பேனாவால் வரைந்த அலை எவ்வளவு கவனமாக வரைந்தாலும் விறைத்தே நிற்கும்.

1. முதலில் குனியோஷியைப் பாருங்கள்

ஜப்பானிய ஓவியர் உதாகவா குனியோஷி 1827 வாக்கில் சீனக் கதையான சுய்கோதெனின் 108 வீரர்களை மர அச்சுப் படங்களாக வெளியிடத் தொடங்கினார். அவற்றில் பல வீரர்களின் உடல் முழுவதும் பச்சை. ஷி ஜின் என்ற வீரன் உடலில் ஒன்பது டிராகன்கள் சுருண்டிருக்கும். எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்துத் தொழிலாளர்களும் தீயணைப்பு வீரர்களும் இந்தப் படங்களைப் பார்த்துத் தங்கள் முதுகிலும் அப்படி வேண்டும் என்று கேட்டார்கள். தீயோடு போராடுபவன் நீருக்குரிய டிராகனை உடலில் சுமந்ததில் காரணம் இருந்தது. அது அவனுக்குக் காப்பு.

நமக்கு வேண்டியது கோய் என்பதால், ஒனிவாகாமாரு என்ற சிறுவன் ராட்சதக் கெண்டையோடு போராடும் குனியோஷியின் படங்களைத் தேடி எடுங்கள். மீனின் உடல் வளையும் இடத்தில் செதில்கள் என்ன ஆகின்றன என்பதை அவற்றை வைத்தே கற்கலாம். இன்றைய டாட்டூ புகைப்படங்களிலிருந்து நகல் எடுக்காதீர்கள். அது இன்னொருவரின் உடலுக்காக வரையப்பட்டது.

2. தலைவன், பிறகு பருவம்

கோய் நம் தலைவன். மஞ்சள் ஆற்றில் எதிர்நீச்சலடித்து, டிராகன் வாயில் என்னும் அருவியைத் தாண்டிய கெண்டை டிராகனாக மாறியது என்பது சீனத்திலிருந்து வந்த கதை. மேல்நோக்கிப் போகும் மீன் இன்னும் போராட்டத்தில் இருக்கிறது. இன்னொரு பொருளும் உண்டு. வெட்டுப்பலகையில் வைத்த கெண்டை கத்திக்குமுன் துடிக்காது என்பது ஜப்பானியர் வழக்கு. ஊசிக்கு உடலைக் கொடுத்துப் படுத்திருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான துணை எது?

இப்போது பருவம். மேப்பிள் இலை சேர்த்தால் இலையுதிர் காலம். செர்ரிப் பூ சேர்த்தால் வசந்தம். தாமரை சேர்த்தால் கோடை. நான் இங்கே மேப்பிளை எடுத்துக்கொள்கிறேன். நாரா பகுதியின் தட்சுதா ஆற்றில் சிவந்த இலைகள் மிதந்து போவது பழைய ஜப்பானியக் கவிதைகளில் திரும்பத் திரும்ப வரும் காட்சி. குளிர் நெருங்குகிறது, இலைகள் நீரோடு போகின்றன, மீன் மட்டும் எதிரே ஏறுகிறது. விடாமுயற்சி என்ற வெறும் சொல்லுக்கு இப்போது ஒரு காலமும் இடமும் கிடைத்துவிட்டன.

சில சேர்க்கைகள் ஏற்கெனவே இறுகிவிட்டவை: சிங்கத்தோடு பியோனி மலர், புலியோடு மூங்கில், டிராகனோடு மேகம். தொடங்குபவர்கள் இவற்றைப் பிரிக்க வேண்டாம்.

3. கையின் அச்சு

கை சமதளம் அல்ல. செவ்வகத் தாளில் வரைந்த படம் கையில் ஏறும்போது மீனின் வால் அக்குளுக்குள் மறைந்துவிடும். ஆகவே பிளாஸ்டிக் சுருளை மேல்கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, அதன்மேல் ஒட்டுநாடாவை ஒட்டுங்கள். தோள் முனை, தோள்தசை அதிகம் புடைக்கும் இடம், அக்குள் மடிப்பு, முழங்கை எலும்பு ஆகியவற்றை மார்க்கரால் குறியுங்கள். பிறகு கையின் உட்புறமாக, மேலிருந்து கீழாக வெட்டி விரியுங்கள். மேலே அகன்று கீழே குறுகிய ஒரு வடிவம் கிடைக்கும். அதுதான் உங்கள் தாள். வெட்டுக்கு மழுங்கிய முனைக் கத்தரிக்கோல் போதும். இன்னொருவர் வெட்டிவிட்டால் நல்லது.

*பிற்சேர்க்கை: விரித்த அச்சு சுருங்கிவிடுகிறது என்று சில வாசகர்கள் எழுதியிருந்தார்கள். சுருளை இழுத்துச் சுற்றினால் அப்படித்தான் ஆகும். தளர்வாகச் சுற்றுங்கள். கையை மேசையில் வைக்காமல் இயல்பாகத் தொங்கவிட்டு அச்செடுங்கள்.*

4. மீன்

முதலில் முதுகெலும்புக் கோடு மட்டும்: தலை தோளை நோக்கி, உடல் எஸ் வளைவில், வால் முழங்கைக்கு மேலே கையைச் சுற்றிப் பின்புறம் போகட்டும். உடலின் தடித்த பகுதி தோள்தசையின் புடைப்பில் அமர வேண்டும். கை அசையும்போது மீனும் அசைவதுபோல் தெரிவதற்கு இதுவே காரணம். மீனின் முகம் உடலின் முன்பக்கம் திரும்பியிருக்கட்டும்.

செதிலுக்குப் பக்கவாட்டுக் கோட்டை முதலில் போடுங்கள். அந்தக் கோட்டில் 36 செதில்கள் என்பது மரபுக் கணக்கு, ஆறு ஆறு முப்பத்தாறு. டிராகனுக்கோ ஒன்பது ஒன்பது எண்பத்தொன்று. ஆறிலிருந்து ஒன்பதுக்கு ஏறும் இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அச்சு சிறியதாக இருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், ஆனால் வரிசை தப்பக் கூடாது. வளைவின் உட்புறம் செதில்கள் நெருங்கும், வெளிப்புறம் விரியும். வாயோரம் பக்கத்துக்கு இரண்டு மீசை.

5. பின்புலம்

பலரும் இங்கேதான் நிற்கிறார்கள், நானும் நெடுநாள் இங்கேதான் நின்றேன். மீன் நன்றாக வந்துவிடும். சுற்றிலும் அலைகளை நிரப்பியதும் படம் குழம்பிவிடும்.

பின்புலத்தை மிச்ச இடத்தை அடைக்கும் வேலையாக நினைப்பதால்தான் இந்தக் குழப்பம். ஜப்பானிய மரபில் பின்புலத்துக்குக் காகுபோரி என்று தனிப் பெயரே உண்டு. பின்புலமே இல்லாமல் உருவத்தை மட்டும் குத்துவது நுகிபோரி. காகுபோரியில் மீனைத் தூக்கிக் காட்டுவது அதைச் சுற்றியுள்ள இருள். ஆகவே அலையின் கோட்டைப் போடுவதற்கு முன்பே எது கறுப்பு, எது சாம்பல், எது வெறும் தோல் என்று முடிவு செய்துவிடுங்கள்.

மீன் வரைந்த தாளின்மேல் புதிய ட்ரேசிங் தாளை வையுங்கள். மீன் ஏறுவதால் நீர் இறங்க வேண்டும். தோள் முனையில் தொடங்கி நீண்ட கோடுகளைக் கீழே இழுங்கள். அவை மீனின் தலையில் மோதிப் பிரிய வேண்டும், உடலின் வளைவை ஒட்டி ஓட வேண்டும், வாலுக்குக் கீழே மீண்டும் சேர வேண்டும். எந்தக் கோடும் மீனை நேராகக் குத்தக் கூடாது. இந்த ஓட்டம் சரியாக அமையும்வரை நுரையையோ விரல்போல் நீளும் அலைநுனிகளையோ தொடாதீர்கள்.

அடுத்து, நிழலுக்கு இன்னொரு ட்ரேசிங் தாளை மேலே வைத்து, மீனின் வெளிக்கோட்டை ஒட்டி நூலளவு தோலை வெறுமையாக விட்டு, அதற்கு வெளியே அடர்ந்த கறுப்பை வையுங்கள். அங்கிருந்து வெளியே போகப் போக மையில் நீரைக் கூட்டி வெளுக்க விடுங்கள். இந்தப் படிப்படியான நிழலுக்குப் போகாஷி என்று பெயர். நுரை வெறும் தோலாகவே இருக்கட்டும். மேப்பிள் இலைகளைக் கடைசியில், நீரோட்டத்தின் திசையில் சாய்த்து வையுங்கள். சில இலைகள் அலைக்கு அடியில் பாதி மறையட்டும்.

பிறகு தாளைச் சுவரில் ஒட்டி அறையின் மறுகோடியிலிருந்து பாருங்கள். மீன் உடனே தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் கோடுகளைத் திருத்திப் பயனில்லை. கறுப்பைக் கூட்டுங்கள்.

6. விளிம்பு

பச்சை முடிந்து வெறும் தோல் தொடங்கும் எல்லைக்கு மிகிரி என்று பெயர். பியோனி இதழ்போல வளைந்து முடிவது போதான் மிகிரி, விடியல்போல மெல்லக் கரைவது அகெபோனோ மிகிரி. மேல்கை வடிவத்துக்கு முதல் வகையையே நான் பரிந்துரைப்பேன். கரையும் விளிம்பு அழகானது, ஆனால் போகாஷியில் கை தேறியவருக்கே அது வசப்படும்.

7. கலைஞரிடம் போகும்போது

மீன், நீர், நிழல் என மூன்று தாள்களையும் தனித்தனியாகக் கொண்டுபோங்கள். அவர் மாற்றி வரைவார், வரையவிடுங்கள். ஜப்பானில் குத்திக்கொள்ள நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: 1872இல் அங்கே அரசு பச்சை குத்தலைத் தடை செய்தது, 1948இல்தான் தடை நீங்கியது. பச்சை குத்த மருத்துவர் உரிமம் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்ததே 2020இல்தான். இன்றும் பல வெந்நீர்க் குளியலகங்களில் பச்சையோடு அனுமதி இல்லை.

*பிற்சேர்க்கை 2: செர்ரியும் மேப்பிளும் ஒரே கிமோனோவில் இருக்கின்றனவே, பருவ விதி எங்கே போயிற்று என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நல்ல கேள்வி. அந்தச் சேர்க்கைக்கு உன்கின் என்று பெயர். யோஷினோ மலையின் செர்ரி மேகமாகவும் தட்சுதா ஆற்றின் மேப்பிள் பட்டாகவும் தெரிவதைச் சொல்வது. மட்பாண்டங்களிலும் அதைக் காணலாம். இரண்டு பருவங்களையும் அறிந்தே கோத்த அலங்காரம் அது. முதல் வடிவத்துக்கு ஒரு பருவத்தையே வைத்துக்கொள்ளுங்கள். உன்கின் முறையில் ஒரு கோய் வரைந்து அடுத்த பதிவில் காட்டுகிறேன்.*