சேர்வராயன் அடிவாரத்தில் நீர்வடிப்பகுதி வரைதல்: மேட்டுக்கோடும் பாறைக்கோடும்

சேலம் மாவட்டத்தின் மழை ஒரே ஆற்றுக்குப் போவதில்லை. சேர்வராயன் மலையின் தெற்கு, மேற்குச் சரிவுகளில் விழும் நீர் திருமணிமுத்தாற்றிலும் சரபங்காவிலும் இறங்கிக் காவிரியைச் சேர்கிறது. வடசரிவில் விழுவது வாணியாறாகித் தருமபுரி மாவட்டத்துக்குள் நுழைந்து தென்பெண்ணையில் கலக்கிறது. கிழக்கே வாழப்பாடியைத் தாண்டிவிட்டால் ஓடைகள் வசிஷ்ட நதியை நோக்கித் திரும்பி, பின்னர் வெள்ளாறாகப் பரங்கிப்பேட்டை அருகே கடலை அடைகின்றன. எனவே ஊராட்சி எல்லையையோ வட்ட எல்லையையோ வைத்து நீர்க்கணக்குப் போடுவது, அடுத்தவர் வரவைத் தம் பேரேட்டில் எழுதிக்கொள்வதில்தான் முடியும். முதலில் நீர் வடியும் எல்லையை, அதாவது மேட்டுக்கோட்டை, வரைய வேண்டும். அதன்மேல் அடிப்பாறையின் எல்லையை, அதாவது பாறைக்கோட்டை, வரைய வேண்டும். இவ்விரண்டு கோடுகளும் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதில்லை. அந்தப் பொருந்தாமையைக் காட்டாத வரைபடம் தடுப்பணைக்கு இடம் தேர்வதற்கு உதவாது.

இக்குறிப்பு 500 முதல் 1000 ஹெக்டேர் வரையுள்ள நுண் நீர்வடிப்பகுதியை, அதாவது மழைநீர் ஒரே இடத்துக்கு வடிந்து சேரும் சிறு பரப்பை, வரைவதற்கானது. ஊராட்சி அலுவலகத்தில் பணியாற்றுபவரும், உழவர் குழுவினரும், கல்லூரி மாணவரும் ஒரு மடிக்கணினியையும் சில நாள் நடையையும் கொண்டு இதைச் செய்துவிடலாம்.

பென்சிலில் தொடங்குதல்

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு இடவிளக்க வரைபடங்களில், பழைய எண்முறைப்படி, சேலம் நகரமும் கஞ்சமலையும் 58 ஐ/2 தாளிலும், ஏற்காடு 58 ஐ/1 தாளிலும், வாழப்பாடி 58 ஐ/6 தாளிலும் வருகின்றன. கன்னங்குறிச்சி மூக்கனேரிக்கு நீர் வரும் பரப்பை வரைய விரும்புபவர் முதல் இரண்டு தாள்களையும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் ஏரி ஒரு தாளிலும் மலையின் மேற்பகுதி மற்றொரு தாளிலும் இருக்கின்றன.

தாளின்மேல் ஒளிபுகும் தாளை விரித்து, ஓடைகள் அனைத்தையும் நீலப் பென்சிலால் முதலில் வரைந்துகொள்ளவும். சமவுயரக் கோடுகள் மேட்டுப்பக்கம் வளைந்து கூர்முனை காட்டும் இடமெல்லாம் ஓடைப் பள்ளம். தாழ்வுப்பக்கம் வளைந்து காட்டும் இடமெல்லாம் மலைமுகடு. ஏரியின் கலங்கலை (உபரிநீர் வெளியேறும் இடத்தை) நீர்வாயாகக் குறித்து, அங்கிருந்து இடப்புறமும் வலப்புறமும் முகடுகளின்மேல் கோட்டை ஏற்றிக்கொண்டு போனால், இரண்டும் மலையுச்சியில் சந்திக்கும். இந்தக் கோடு சமவுயரக் கோடுகளைச் செங்குத்தாக வெட்ட வேண்டும். ஓரிடத்திலும் ஓடையைக் கடக்கக் கூடாது. கடந்திருந்தால் அந்த இடத்தில் கோடு தவறு.

கணினியே சில நொடிகளில் வரைந்துவிடும் ஒன்றைக் கையால் வரைவதேன் என்று கேட்கலாம். கையால் வரைந்தவருக்குத்தான் கணினி தவறும்போது அது தவறுகிறது என்று தெரியும்.

கணினியில் வரைதல்

உயரத் தரவுக்கு, 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து அளக்கப்பட்ட எஸ்ஆர்டிஎம் தரவோ, இஸ்ரோவின் புவன் தளத்தில் கிடைக்கும் கார்ட்டோசாட் தரவோ போதும். இரண்டும் ஏறத்தாழ 30 மீட்டர் கட்டங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. மென்பொருளுக்கு, இலவச வரைபட மென்பொருளான க்யூஜிஐஎஸ் போதுமானது.

தொடங்கும்போதே ஒரு சிறு சிக்கல் எதிர்ப்படும். 78 பாகை தீர்க்கரேகை இம்மாவட்டத்தின் ஊடே செல்வதால், சேலமும் ஆத்தூரும் யுடிஎம் முறையின் (உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் வரைபட முறை) 44ஆம் மண்டலத்திலும், எடப்பாடியும் சங்ககிரியும் மேட்டூரும் 43ஆம் மண்டலத்திலும் விழுகின்றன. சரபங்காவின் படுகையை முழுமையாக வரைபவர் இரண்டு மண்டலங்களையும் கலக்காமல், எல்லா வரைபட அடுக்குகளையும் 44ஆம் மண்டலத்துக்கே (மென்பொருளில் இதன் குறியெண் இபிஎஸ்ஜி 32644) மாற்றிக்கொள்ள வேண்டும். மேற்கு ஓரத்தில் அதனால் ஏற்படும் பரப்பளவுப் பிழை அரை சதவீதத்துக்கும் குறைவு. கலந்துவிட்டால் வரும் குழப்பம் அதைவிடப் பெரிது.

பெரும்பாலான மென்பொருள் கருவிகள் உயரத் தரவில் உள்ள பள்ளங்களை முதலில் நிரப்பிவிட்டுத்தான் ஓடைகளைத் தேடுகின்றன. சேலத்தில் இதில் கவனம் தேவை. நகரத்துக்கு வடமேற்கே வெள்ளைக்கல் (மாக்னசைட் தாது) வெட்டியெடுத்த பெரும்பள்ளங்கள் உண்மையான பள்ளங்கள்; அவற்றில் விழும் மழை ஓடைக்கு வருவதில்லை. அதனால், பள்ளங்களை நிரப்பத் தேவையில்லாத கிராஸ் மென்பொருள் தொகுப்பின் ‘ஆர்.வாட்டர்ஷெட்’ கருவியைப் பயன்படுத்தி, மெய்யான பள்ளங்களைத் தனி அடுக்காக வரைந்து அதன் பள்ள உள்ளீட்டில் கொடுப்பதே நல்லது. ஓடை தொடங்கும் வரம்பாக 300 கட்டங்களை, அதாவது ஏறத்தாழ 27 ஹெக்டேரை, வைத்துத் தொடங்கலாம். தாளில் உள்ள ஓடைகளோடு ஒப்பிட்டுப் பின்னர் கூட்டியும் குறைத்தும் பார்க்கலாம். நீர்வாய்ப் புள்ளி, கருவி வரைந்த ஓடைக் கட்டத்தின்மேலேயே அமர வேண்டும். ஒரு கட்டம் தள்ளி வைத்தாலும் ஆயிரம் ஹெக்டேர் வர வேண்டிய இடத்தில் வயல் ஒன்றின் பரப்புதான் வரும்.

மலைமேல் வேறொரு தொல்லை உண்டு. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களின் தலையையும் எஸ்ஆர்டிஎம் தரவு நிலத்தின் உயரத்தோடு சேர்த்துக்கொள்கிறது. சரிவு மிகுந்த இடத்தில் இது கெடுதல் செய்யாது. மலைமேல் உள்ள சமதளத்தில் நீர்பிரிமேட்டை இடம்மாற்றிவிடும். இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஏற்காடு ஏரி நிரம்பினால் உபரிநீர் கிளியூர் அருவியில் விழும் என்பது எல்லோரும் அறிந்தது. அருவியின் தலையில் நீர்வாயை வைத்துக் கருவியை ஓட்டிப் பாருங்கள். கிடைக்கும் பரப்புக்குள் ஏரி அடங்கவில்லையென்றால் அந்தத் தரவை அந்த இடத்தில் நம்பக் கூடாது.

அடிவாரத்தில் கோட்டை மாற்றுவது மனிதர் வெட்டிய வாய்க்கால்கள். கன்னங்குறிச்சிப் புது ஏரியின் உபரிநீர் மூக்கனேரிக்கு வருவதுபோல ஏரிக்கு ஏரி உள்ள தொடர்பு 30 மீட்டர் கட்டத்தில் தெரியாது. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கிராம வரைபடத்திலும் புலப்படங்களிலும் ‘ஓடை’, ‘வாய்க்கால்’ என்று பதிவான புறம்போக்குப் புல எண்களைத் தேடியெடுத்து மேலே பொருத்தினால்தான் தெரியவரும். பிறகு மழைக்காலத்தில் நேரில் நடந்து, எது இன்னும் ஓடுகிறது, எது மனைப்பிரிவுக்கு அடியில் போய்விட்டது என்று குறிக்க வேண்டும்.

அடிப்பாறை

இந்திய புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்தில் பதிவு செய்துகொண்டால் 1:50,000 அளவு பாறை வரைபடத்தை அடுக்காகவே இறக்கிக்கொள்ளலாம். இறக்கிய வரைபடத்தை நிறம் பார்த்து அப்படியே ஒட்டிவிடாமல், ஒவ்வொரு பாறையும் நீரை என்ன செய்கிறது என்று கேட்டு வகைப்படுத்த வேண்டும்.

சேர்வராயன் மலையின் உடல் சார்னோகைட் என்னும் கெட்டிப்பாறை. புதிதாக உடைத்தால் கருநீலமும் பசுமையும் கலந்து எண்ணெய் தடவியதுபோல் மின்னும் இக்கல், துளையற்றது. நீர் நிற்பது அதன் வெடிப்புகளில் மட்டுமே. ஆனால் மலைத்தலையில் சில இடங்களில், சார்னோகைட் நெடுங்காலம் மட்கியதால் உண்டான பாக்சைட்டும் செம்பாறையும் மூடியிருக்கின்றன. இந்த மூடி நீரை உறிஞ்சும். அது முடிந்து கெட்டிப்பாறை தொடங்கும் மட்டத்தில் ஊற்றுகளைத் தேட வேண்டும். மழை நின்ற பின்னும் ஓடும் ஓடைகளை அந்த மட்டத்திலிருந்து பின்தொடர்ந்து, ஊற்றுக்கண்களைத் தனிக்குறியிட்டு வரைபடத்தில் ஏற்றவும். பாக்சைட் வெட்டியெடுத்த இடங்களையும் குறிக்க வேண்டும், ஏனெனில் அங்கே மூடி போய்விட்டது.

அடிவாரச் சமவெளியில் நைஸ் பாறை பரவியிருக்கிறது. கிணற்றுப் பாசனத்துக்கு உயிராக இருப்பது இதன் மட்கிய மேலடுக்கு. வடமேற்கே வெள்ளைக்கல் கரடுகளில் டியூனைட் பாறையும் அதன் வெடிப்புகளை நிரப்பிய மாக்னசைட்டும் உள்ளன. அங்குள்ள கிணற்று நீரில் மக்னீசியக் கடினத்தன்மை மிகுதி. நீரைச் சேர்ப்பதற்கு இடம் தேடும்போதே குடிப்பதற்கு ஏற்றதா என்பதையும் பார்த்துவிட வேண்டும் என்பதற்கு அப்பகுதி நல்ல எடுத்துக்காட்டு. கஞ்சமலையின் இரும்புத்தாதுப் பட்டைகள் மட்காமல் முகடாக நிற்பவை. அவற்றின்மேல் விழும் நீர் ஓடிவிடும் என்று கொள்ளலாம்.

இவற்றைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டியவை குறுக்கே ஓடும் டோலரைட் டைக்குகள், அதாவது பழைய பாறையின் வெடிப்புக்குள் பாறைக்குழம்பு புகுந்து இறுகிய கருங்கல் சுவர்கள். வயலில் உருண்ட கருங்கற்கள் ஒரே வரிசையில் நூற்றுக்கணக்கான அடி நீண்டு கிடந்தால், உழவர் வரப்புக்காக அடுக்கியவை என்று விட்டுவிடாமல் சுத்தியலால் தட்டிப் பார்க்கவும். கனிம மணிகள் கண்ணுக்குத் தெரியாத கெட்டிக் கருங்கல்லாக இருந்து, தட்டினால் கணீரென்று ஒலித்து, வரிசை அடுத்த நிலத்திலும் தொடர்ந்தால் அது பெரும்பாலும் டைக். வெடிப்பில்லாத டைக் நிலத்துக்குள் எழுப்பிய சுவராக நிற்கும். மேட்டுப்பக்கக் கிணற்றில் நீர் நிற்க, அதே உயரத்தில் உள்ள மறுபக்கக் கிணறு வறண்டிருக்கும். மேற்பரப்பு வரைபடம் இரண்டையும் ஒரே நீர்வடிப்பகுதி என்று சொல்லும். நான் சொல்லும் பாறைக்கோடு இதுதான். மறுபுறம், சேலம் முதல் ஆத்தூர் வரை கிழக்கு மேற்காகச் செல்லும் நிலப்பிளவு மண்டலம் போன்ற இடங்களில், நொறுங்கிய பாறை நீரை நீர்பிரிமேட்டுக்கு அடியிலேயே கடத்திவிடவும் கூடும். செயற்கைக்கோள் படத்தில் நேர்கோடாகத் தெரியும் ஓடைத்துண்டுகளையும் மரவரிசைகளையும் குறித்துவைத்து, அருகிலுள்ள கிணறுகளோடு ஒத்துப் பார்க்காமல் எதையும் பிளவு என்று முடிவு கட்ட வேண்டாம்.

கிணறுகள் சொல்வது

இம்மாவட்டத்தின் பெரிய திறந்தவெளிக் கிணறுகள் கோடையில் வற்றும்போது அவற்றின் சுவரே பாறைப்படமாகிவிடுகிறது. மேலே செம்மண், அதன்கீழ் சில இடங்களில் சுக்கான் (சுண்ணாம்புக் கற்கள்), பிறகு கையால் உதிர்க்கக்கூடிய மட்கிய பாறை, அதற்கும் கீழே வெடிப்போடிய கெட்டிப்பாறை. ஒவ்வொன்றும் தரையிலிருந்து எத்தனை அடியில் தொடங்குகிறது, ஈரம் கசியும் வெடிப்பு எந்த ஆழத்தில் எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது என்று எழுதிக்கொள்ளவும்.

ஆழ்துளைக் கிணற்றில் சுவர் இல்லை. ஆனால் கேள்வி இருக்கிறது. “கேசிங் எத்தனை அடி இறங்கியது?” என்று கேளுங்கள். மட்கிய பாறை சரிந்துவிடாதிருக்கத்தான் கேசிங் குழாய் இறக்குகிறார்கள். ஆகவே அந்த அடி, மட்கிய அடுக்கின் தடிமனுக்கு மிக நெருக்கமான எண். போர் போட்ட செலவு உழவருக்கு மறக்காது; திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் கேசிங்குக்குத் தனிக்கணக்கு எழுதியிருப்பார். முப்பது நாற்பது போர்களின் கேசிங் அடியை வரைபடத்தில் எழுதினாலே மட்கிய அடுக்கு எங்கே தடித்து எங்கே மெலிகிறது என்பது புலப்படும். தண்ணீர் வராத போர்களைக் கட்டாயம் சேர்க்கவும். தேங்காய் வைத்துப் பார்த்துச் சொன்ன இடமா, கருவி வைத்துச் சொன்ன இடமா என்பது நமக்கு வேண்டாம். எத்தனை அடி வரை ஈரமில்லாமல் கல்தூள் புகையாகப் பறந்தது என்பதே வேண்டும்.

நீர்மட்டத்தை மே மாதத்திலும் ஜனவரியிலும் அளப்பது வழக்கம். மும்முனை மின்சாரம் வந்து மோட்டார் ஓடிய கிணற்றின் மட்டம் ஓய்வு மட்டமாகாது. கடைசியாக எப்போது நிறுத்தினார்கள் என்று கேட்டு எழுதவும். கைப்பிடிச் சுவரின் உயரத்தைக் கழிக்கவும். அருகருகே உள்ள கிணறுகளின் மட்டத்தை ஒப்பிடுவதற்குக் கைபேசி காட்டும் உயரத்தையோ 30 மீட்டர் தரவையோ நம்பக் கூடாது. அவற்றின் பிழை பல மீட்டர்; நாம் தேடும் வேறுபாடோ ஒன்றிரண்டு மீட்டர். டைக்கின் இருபுறமும் உள்ள கிணறுகளுக்காவது ஆட்டோ லெவல் (நிலமட்டம் அளக்கும் கருவி) வைத்து உயரம் எடுக்கவும்.

கணக்கும் இடத்தேர்வும்

ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. மழை என்பது 10 கன மீட்டர். 600 ஹெக்டேர் பரப்பில் ஒரே நாளில் 60 மி.மீ. பெய்தால் விழுவது 3,60,000 கன மீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடிவந்தாலும் 72,000 கன மீட்டர் ஏரிக்கு வரும். தேங்கும் பக்கத்தைப் பார்த்தால், மட்கிய கெட்டிப்பாறையில் எடுக்கக்கூடிய நீர் அதன் பருமனில் பொதுவாக 1 முதல் 3 சதவீதம். 2 சதவீதம் என்று கொண்டால், ஒரு மீட்டர் தடிமனில் 20 மி.மீ. நீர்தான் நிற்கிறது. அதாவது 600 ஹெக்டேரிலும் நீர்மட்டம் ஒரு மீட்டர் உயர 1,20,000 கன மீட்டர் உள்ளே இறங்க வேண்டும். நிறைவேற முடியாத திட்டங்களை இந்த இரண்டு எண்களே வடிகட்டிவிடும்.

தடுப்பணைக்குப் புறம்போக்கு எங்கே கிடைக்கிறது என்று பார்த்து இடம் தேர்வதே நடைமுறையாகிவிட்டது. பாறை தெரியும் ஓடைப்படுகையில் கட்டினால் நீர் தேங்கும், வெயிலில் ஆவியாகும், கீழே இறங்காது. மலை முடிந்து சமவெளி தொடங்கும் அடிவாரத்தில், உருண்டுவந்த கல்லும் மண்ணும் படிந்து கேசிங் அடியும் கூடுதலாக உள்ள இடமே கசிவுநீர்க் குட்டைக்கு உகந்தது. டைக் குறுக்கிட்டால், குட்டை அதன் மேட்டுப்பக்கத்தில் அமைந்தால் மேட்டுக் கிணறுகளுக்கும், தாழ்வுப்பக்கத்தில் அமைந்தால் கீழ்க் கிணறுகளுக்கும்தான் பயன். யாருக்கு என்பதை ஊர் கூடி முடிவு செய்ய வேண்டும். வரைபடம் அதை மறைக்காமல் காட்டினால் போதும்.

இறுதித் தாளை 1:10,000 அளவில், மேட்டுக்கோட்டை நீலத்திலும் பாறைக்கோட்டைச் சிவப்பிலும் இட்டு, புல எண்கள் தெரியுமாறு அச்சிடவும். ஓரத்தில் தரவு எடுத்த மாதமும் ஆண்டும் இருக்க வேண்டும். கிணறுகளின் பட்டியலில் அடுத்த மே மாதத்துக்கும் ஜனவரிக்கும் வெற்றுக் கட்டங்கள் விட்டு, ஒரு படியை ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்துவிடவும்.